கொள்ளிட மணலில் ஒரு சுருள்: கையில் கிடைத்த சின்னப் புதைபடிவத்தை அடையாளம் காண்பது எப்படி?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் வண்டல் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளியே வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று படம் வாட்ஸ்அப்பில் பறந்தது. புவியியல் தெரிந்தவர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அவை முட்டை இல்லை. பழைய கடலின் அடியில், அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர் போன்றவற்றைச் சுற்றி வண்டல் இறுகி உருண்டையானவை என்று சொன்னார்கள். பரவிய வேகத்தில் கால்வாசிகூட அந்தத் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை.

குன்னத்திலிருந்து கொள்ளிடக் கரை அப்படியொன்றும் தூரமில்லை. ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர். அந்தப் பக்கம் வாய்க்கால் தூர்வாரும்போதும், மனைக்கு மண் அடிக்கும்போதும், போர் போடும்போதும் சுருளாக, கூராக, ஓடாக ஏதாவது கைக்கு வருகிறது. ‘இது என்ன, எத்தனை வருஷத்துப் பழசு?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பெரும்பாலானவர்கள் கல்லின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பதில் தேடுகிறார்கள். காவிரி டெல்டாவில் அது பாதி வேலைதான். இங்கே முதலில் கேட்க வேண்டியது ‘இந்தக் கல் எப்படி இங்கே வந்தது?’ என்பது.

எது புதைபடிவம்?

ஓர் உயிரின் உடலோ அதன் தடமோ மண்ணில் புதைந்து, நெடுங்காலம் தங்கி, படிவமாக மிஞ்சியது புதைபடிவம். தொல்லுயிர் எச்சம் என்றும் சொல்வார்கள். ஓடு அப்படியே இருக்கலாம். ஓடு கரைந்துபோய், உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாகி இருக்கலாம். இதை உள்வார்ப்பு என்போம். மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் சிலிக்கா நிரம்பிக் கல்மரம் ஆகியிருக்கலாம். புழு போன வளையும் புதைபடிவக் கணக்கில்தான் சேரும்.

இதோடு இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அரைப் புதைபடிவம். சில ஆயிரம் ஆண்டுகளே ஆன, இன்னும் கல்லாகாத ஓடு, எலும்பு போன்றவை இவை. டெல்டாவில் நிஜமாகவே மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது பெரும்பாலும் இந்த வகை. ‘அரை’ என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். கரையோரம் எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது என்பதை இவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

டெல்டா மண்ணுக்கு என்ன வயசு?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, இலங்கை எல்லாம் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெருநிலம் பிளந்தபோது கிழக்கு ஓரத்தில் நீளநீளமாகப் பள்ளங்கள் விழுந்தன. அப்படி விழுந்ததுதான் காவிரிப் படுகை. கிரெட்டேஷியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதற்குள் கடல் பலமுறை வந்து போனது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்தன.

படுகையின் மேற்கு ஓரத்தில் அந்தப் பாறைகள் இன்று தரைக்கு மேலேயே தெரிகின்றன. அரியலூர், பெரம்பலூர், லால்குடிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம் எல்லாம் அந்த வரிசை. கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அதற்கும் மேலே உள்ள நின்னியூர்ப் பாறை, டைனோசர்கள் அழிந்தபிறகு படிந்தது. கல்லக்குடி என்றால் 1953 போராட்டம்தான் நமக்கு நினைவுக்கு வரும். எந்தப் பெயரை வைப்பது என்று சண்டை நடந்த அந்த ஊருக்கு சிமெண்ட் ஆலையை வரவழைத்த சுண்ணாம்புக்கல், பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டியது.

கிழக்கே வரவர அதே பாறைகள் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அவற்றின் மேல் அடுக்கடுக்காக வேறு படிவுகள். எல்லாவற்றுக்கும் மேலே காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். நாற்று நடும் மண் அதுதான். அதன் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளில் எண்ணலாம். ஆகவே பாபநாசத்தில் ஒரு வயல் வரப்பில் ஒன்பது கோடி ஆண்டு பழைய அம்மோனைட் கிடந்தால், அது அங்கே வாழ்ந்து அங்கே செத்தது இல்லை. யாரோ, எதுவோ கொண்டுவந்திருக்க வேண்டும்.

வந்த வழிகள்

1. ஆறு. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர்ப் பாறைகளை அரித்துக்கொண்டு வந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. அதனால் கொள்ளிட மணலில் புதைபடிவத் துண்டு கிடைக்க இயற்கையான வாய்ப்பு உண்டு. ஆனால் சுண்ணாம்பு ஓடு மென்மையானது. ஆற்றில் உருண்டு வந்தால் முனை மழுங்கிவிடும். வரிகள் கூர் மாறாமல் பளிச்சென்று இருந்தால், ஆறு கொண்டுவந்தது என்பதைச் சந்தேகப்படுங்கள்.

2. லாரி. டெல்டாவில் மிகப் பெரிய புவியியல் சக்தி இன்று இதுதான். மனை மேடாக்க அடிக்கும் மண், சாலைக்குக் கொட்டும் கிராவல், சுண்ணாம்புக்கல் எல்லாம் மேற்கிலிருந்து வருகின்றன. வந்த குவாரியின் ஊர் தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. கருங்கல் ஜல்லியில் மட்டும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவான பாறை. அதில் புதைபடிவம் இருக்காது. அதில் தெரியும் ‘இலை’யும் ‘மீனும்’ கனிம வரிகளே.

3. போர்வெல். குழாய் இறக்கும்போது கருஞ்சேற்றோடு சிப்பி ஓடு வந்தால், அது பெரும்பாலும் பழைய கழிமுகம். முத்துப்பேட்டை அலையாத்தியில் இன்றும் வாழும் மட்டி, ஆளி வகைகளே அதில் இருக்கும். எத்தனை அடியில் வந்தது என்று போர் போடுபவர் அங்கேயே சொல்வார். மறுநாள் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

4. பழைய கடற்கரை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்து, ஏறக்குறைய இன்றைய உயரத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் ஆறுகள் வண்டலைக் கொட்டக் கொட்டக் கரை கிழக்கே நகர்ந்தது. வேதாரண்யம் பக்கத்து மணல்மேடுகள் அந்த நகர்வின் தடங்கள். அவற்றைத் தோண்டினால் கிளிஞ்சல் வரும். சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் இதைப் புவியியல் படிக்காமலேயே தெரிந்து வைத்திருந்தார்கள்.

5. பூஜை அறை. கும்பகோணம், ஸ்ரீரங்கம் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் கறுப்பு உருண்டையில் சக்கரம் போலச் சுருள் இருந்தால், அது சாளக்கிராமமாக இருக்கலாம். அதுவும் அம்மோனைட்தான். ஆனால் நேபாளத்து கண்டகி ஆற்றில் எடுத்தது, ஜுராசிக் காலத்தது. அரியலூர்க் கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஐந்தில் எது என்று ஓரளவு முடிவான பிறகு கல்லைக் கையில் எடுப்போம்.

கையில் வைத்துப் பார்க்கும் சோதனைகள்

நகைக்கடையில் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, பேனாக்கத்தி, எலுமிச்சை மூடி, மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல். இவ்வளவு போதும்.

கீறிப் பாருங்கள். நகத்தால் கீறல் விழுந்தால் ஜிப்சம். காரைப் பக்கம் கண்ணாடிச் சில்லு மாதிரி வெயிலில் மின்னிக் கிடப்பது பெரும்பாலும் இதுதான். நகத்துக்கு மசியாமல் கத்திக்கு மசிந்தால் சுண்ணாம்பு வகையாக இருக்கலாம். அதுவே கண்ணாடியைக் கீறினால் சிலிக்கா வகை. வல்லத்தில் கிடைக்கும் படிகக் கல், முன்பு தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடிக்குத் தீட்டினார்களே, அது இந்த ரகம். அழகாக ஆறு பக்கத்தோடு இருந்தாலும் உயிர் சம்பந்தப்பட்டது இல்லை.

சுண்ணாம்பா என்று உறுதிசெய்ய, கல்லின் பின்புறத்தில், புதைபடிவம் இல்லாத மூலையில், கொஞ்சம் சுரண்டி அந்தத் தூளின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவது வேண்டாம். குமிழி நன்றாகத்தான் வரும். சேர்ந்து புதைபடிவத்தின் முகமும் போய்விடும்.

எலும்பா என்று பார்க்க நாக்கில் வைத்து ஒட்டுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் ஒட்டும். வாய்க்காலில் எடுத்ததை நக்கிப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈர விரலால் தொட்டுப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்.

சுருள்: ஒரே முகம், நான்கு ஆட்கள்

அதிகம் குழப்புவது சுருள் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு ரூபாய் அளவில், தட்டையாகச் சுருண்ட ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் அம்மோனைட். கணவாயின் தூரத்து உறவு, ஓட்டுக்குள் வாழ்ந்தது. சுருள் ஒரே தளத்தில் இருக்கும். சட்டையில் கொசுவம் வைத்தது போலக் குறுக்கே வரிகள் ஓடும். ஆனால் உறுதியான அடையாளம் அதுவல்ல. அம்மோனைட்டின் ஓடு உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும். தடுப்பு, ஓட்டின் உட்சுவரைத் தொடும் கோடு நேராக இருக்காது. வளைந்து, கிளைத்து, கொத்துமல்லி இலையின் ஓரம் மாதிரி நெளியும். ஓடு தேய்ந்துபோன உள்வார்ப்பில் அந்தக் கோடு வெளியே தெரியும். ஈரமாக்கி, வெயிலைச் சாய்வாக விழவைத்து லென்ஸில் பாருங்கள். அந்த நெளிகோடு ஒன்று தெரிந்தாலும் போதும், அம்மோனைட் என்று எழுதிவிடலாம். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாது. விலங்கு குடியிருந்த கடைசி அறையில் தடுப்பே கிடையாது. உடைந்த துண்டு அந்த அறையுடையதாக இருந்தால் வரிகள் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது ஆள் குழாய்ப்புழு. காரைக் களிமண் வெளியில் அம்மோனைட் என்று பொறுக்கி வருவதில் கணிசமான பங்கு இதுதான். ரோட்டுலேரியா வகை, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு, அதையே சுருட்டி வைத்த கடற்புழு. ஜிலேபி பிழிந்தது போல இருக்கும். குறுக்கே உடைந்த இடத்தைப் பாருங்கள்: தடுப்பே இல்லாத ஒரே குழாய், சுவர் தடித்திருக்கும். பல மாதிரிகளில் குழாயின் கடைசிப் பகுதி சுருளை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். நெளிகோட்டைத் தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

மூன்றாவது ஆள் கடல் நத்தை. இதன் சுருள் ஒரு தளத்தில் நிற்காமல் கோபுரம் மாதிரி மேலே ஏறும். மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பக்கம் கூம்பும் மறுபக்கம் வாயும் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் மட்டும் இது அம்மோனைட்டாக நடிக்கும்.

நான்காவது ஆள் வயலிலேயே இருக்கிறது. குளத்திலும் நெல் வயலிலும் வாழும் தட்டைச் சுருள் நத்தை, இந்தோபிளனார்பிஸ். செத்து வெயிலில் காய்ந்தால் வெளிறிப்போய், பழைய பொருள் மாதிரியே தோன்றும். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மிதக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். புதைபடிவம் கல்லின் கனம் கனக்கும். ஐந்து நொடிச் சோதனை இது. செய்யாததால் எத்தனை பேர் போன மழைக்காலத்து நத்தையைக் கோடி ஆண்டு பழசு என்று அலமாரியில் வைத்திருக்கிறார்களோ!

தோட்டா, பல், எலும்பு

துப்பாக்கித் தோட்டா போல, ஒருமுனை கூராக, விரல் நீளத்தில் தேன் நிறமாகவோ சாம்பலாகவோ கிடைப்பது பெலெம்னைட். இதுவும் கணவாய்க்கு உறவு. உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. காரைப் பகுதியில் இது ஏராளம். உடைந்த முகத்தைப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் கம்பி போல நார்கள் எல்லாப் பக்கமும் ஓடும். எலுமிச்சைச் சோதனையில் குமிழி வரும். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லுக்கு இந்த உள்ளமைப்பு இருக்காது.

சுறாப் பல்லுக்கு இரண்டு பகுதி. மேலே வழவழவென்று எனாமல் பூசிய பாத்திரம் மாதிரிப் பளபளப்பு, கீழே மங்கலான சொரசொரப்பான வேர். இந்த இரண்டும் ஒரே துண்டில் சந்திக்கும் கோடு தெரிந்தால் நம்பலாம். நிறத்தை வைத்து வயது சொல்ல முடியாது. மண்ணின் இரும்பும் பாஸ்பேட்டும்தான் நிறத்தை முடிவு செய்கின்றன. காரைப் படிவுகளில் கிடைக்கும் ஸ்குவாலிகோராக்ஸ் பல்லின் ஓரத்தில் ரம்பம் தெரியும். டைக்கோடஸ் பல்லோ பல் மாதிரியே இருக்காது. மேலே வரிவரியாக மடிப்பு விழுந்த பொத்தான் போல இருக்கும், சிப்பியை நசுக்கித் தின்ற பல். அதைக் கல் என்று தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம்.

எலும்பில் மிக எளிதாக ஏமாறலாம். டெல்டாவில் தோண்டினால் வரும் எலும்பு பெரும்பாலும் மாட்டினுடையது. குறுக்கு வெட்டில் வெளியே கெட்டியாகவும் உள்ளே தேன்கூடு போலவும் இருந்தால் எலும்பு. நீளவாக்கில் ரேகை ஓடினால் மரம். கல்மரமானால் கண்ணாடியைக் கீறும். சில கல்மரத் துண்டுகளில் விரல் விரலாகக் குழல்கள் நெளிந்திருக்கும். கடலில் மிதந்தபோது கப்பல்புழு துளைத்த வளைகள் அவை. வளையில் பிறகு சேறு நிரம்பிக் கல்லாகிவிட்டது.

இரண்டு மூடி உள்ளவை

சிப்பி போல இரண்டு மூடி இருந்தால் சமச்சீரைப் பாருங்கள். இடது மூடியும் வலது மூடியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் பெரும்பாலும் சிப்பி இனம். மூடிகள் இரண்டும் வெவ்வேறாக இருந்து, ஒவ்வொரு மூடியும் தன் நடுக்கோட்டில் இரு பாதியாக ஒத்துப்போனால் பிரேக்கியோபாடு என்ற வேறு கடலுயிர். அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் இரண்டுமே உண்டு. கிரைஃபியா வகைச் சிப்பி மட்டும் இந்த விதிக்கு அடங்காது: ஒரு மூடி கிண்ணம், மற்றது அதன் தட்டு. மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்தது போல இருந்தால் கடல் முள்ளெலி. அதில் குழப்பமே இல்லை.

கடுகு அளவில் ஒரு உலகம்

சிறியதாக ஆக ஆக அறிவியல் பயன் கூடுகிறது என்பது இந்தத் துறையின் வேடிக்கை. ஃபொராமினிஃபெரா என்பவை ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைக் கண்ணறை உயிர்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கல்லங்குறிச்சிப் பாறையில் உள்ள ஆர்பிட்டாய்ட்ஸ் மட்டும் பருப்பு போல வட்டமாகக் கண்ணுக்கே தெரியும். அரியலூர்ப் பாறையின் சைடரோலைட்ஸ் நெருஞ்சி முள் போல நட்சத்திர வடிவில் இருக்கும். ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட காலத்தில் தோன்றி, பரவி, மறைந்திருப்பதால் பாறையின் வயதைச் சொல்ல இவை மிகவும் உதவும். நரிமணம், கோவில்களப்பால் போன்ற இடங்களில் எண்ணெய்க்காகத் துளையிடும்போது மேலே வரும் பாறைத் தூளைக் கழுவி இவற்றைத்தான் தேடுவார்கள். எந்த ஆழத்தில் எந்தக் காலத்துப் படிவு என்பது அப்படித் தெரியவருகிறது.

வீட்டில் செய்யலாம். களிமண்ணை முதலில் மொறமொறவென்று காயவைக்க வேண்டும். பிறகு சலவை சோடா கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டால் குழைந்துவிடும். ஈரமண்ணை நேரே ஊறப்போட்டால் கட்டி உடையாது; எல்லோரும் செய்யும் தப்பு இது. மாவு சல்லடையில் மெல்லத் தண்ணீர் விட்டு அலசி, நின்றதைக் காயவைத்து, கறுப்புக் காகிதத்தில் கொட்டி, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுங்கள். சல்லடையை அப்புறம் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

முட்டை அல்லாத முட்டைகளும் மற்ற போலிகளும்

குன்னத்து உருண்டைக்குத் திரும்பலாம். சேற்றுக்குள் ஒரு ஓடோ இலையோ கிடக்கிறது. அது அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதிநிலை மாறி, சுண்ணாம்போ இரும்போ அதன்மேல் படிய ஆரம்பிக்கிறது. நூலில் கற்கண்டு கட்டுவது போல. படிந்தது மேலும் படிந்து உருண்டையாகிறது. அதனால் உருண்டைக்குள் புதைபடிவம் இருக்கலாம். உருண்டையே புதைபடிவம் இல்லை. நிஜமான டைனோசர் முட்டையானால் ஓடு என்று தனி அடுக்கு இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தடிமனில், மேலே புள்ளிப் புள்ளியாக, மூச்சுத் துளைகளோடு இருக்கும். உடைத்த முகத்தில் வெங்காயம் போலப் பல அடுக்கு தெரிந்தாலோ, அடுக்கே இல்லாவிட்டாலோ அது முட்டை இல்லை.

மற்ற போலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுக்கான் கல்: மண்ணில் சுண்ணாம்பு திரண்டது, எலும்பு மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். வேரைச் சுற்றித் திரண்டால் நடுவில் ஓட்டையோடு விரல் எலும்பாகவே தோன்றும். மாங்கனீசுக் கறை: பாறைப் பிளவில் பெரணி இலை வரைந்தது போல் படரும், தடிமனே இருக்காது. இரும்புக் கிட்டம்: பழைய உலைக் கழிவு, குமிழி குமிழியாகக் கனமாக இருக்கும். தொல்லியலாளருக்குக் காட்டத் தகுந்தது, புவியியலாளருக்கு அல்ல.

பெயர் எதுவரை சொல்லலாம்?

‘அம்மோனைட்’ என்பது ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். அதற்குள் பேரினம், அதற்குள் சிற்றினம். படத்தைப் பார்த்து யாராவது சிற்றினப் பெயர் வரைக்கும் சட்டென்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். செயலிகளும் அப்படித்தான். அவை பழகியது பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களில்.

இந்தப் பகுதிக்கு அடிப்படை வேலை 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, சிற்றினங்களுக்கு இந்திரா, பிரம்மா, சூர்யா என்று வைத்துவிட்டார். பின்னர் பிளான்ஃபோர்டு பாறைகளை வரைபடமாக்கினார், ஸ்டோலிச்கா புதைபடிவங்களைப் படத்தோடு விவரித்தார். அந்தப் படங்கள் இன்றும் ஒப்பிடப் பயன்படும். பெயர்களை மட்டும் அப்படியே எடுக்கக் கூடாது. அன்று ‘அம்மோனைட்டிஸ் இந்திரா’, இன்று சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா. ஸ்டோலிச்காவின் ‘அம்மோனைட்டிஸ் தியோபால்டியானஸ்’ இன்று காஸ்மாட்டிசெராஸ் தியோபால்டியானம். கடைசிச் சொல் தங்கும், முதல் சொல் மாறும்.

எனவே பேரினம் தெரியாவிட்டால் ‘அம்மோனைட், உள்வார்ப்பு, துண்டு’ என்று நிறுத்திக்கொள்வது கௌரவமான விடைதான்.

யாரிடம் காட்டுவது, எதைக் கொண்டுபோவது?

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய் உண்மையான மாதிரிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது நூறு படங்களைவிட உதவும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி தேசியக் கல்லூரியிலும் புவியியல் துறைகள் உண்டு.

எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. சாத்தனூர்க் கல்மரமும் திருவக்கரைக் கல்மரப் பூங்காவும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். அங்கே ஒரு சில்லுகூடத் தொடக் கூடாது. சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போவது சட்டத்துக்கும் உயிருக்கும் ஆபத்து. தனியார் நிலமானால் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். புவி மரபிடங்களையும் எச்சங்களையும் பாதுகாப்பதற்கென்று ஒரு வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது.

எடுத்ததைப் பாதுகாப்பதும் எளிதில்லை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்டது அது. அந்த எலும்புகள் பின்னர் உதிர்ந்து தூளாகிவிட்டன. இன்று அது என்ன விலங்கு என்ற விவாதம் மிஞ்சியிருக்கும் படங்களையும் வரைபடங்களையும் வைத்துத்தான் நடக்கிறது.

சின்னப் புதைபடிவத்துக்கும் இதே விதிதான். பக்கத்தில் ஸ்கேல் வைத்து மேலிருந்து, பக்கவாட்டில், உடைந்த முகத்தில் என்று மூன்று படமாவது எடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைக்காதீர்கள். பழையது 25 மில்லிமீட்டர், பிறகு வந்தவை அதைவிடச் சின்னவை. பிறகு கல்லின் பின்புறத்தில் ஓர் எண், அதே எண்ணோடு ஒரு சீட்டு. சீட்டில் இவ்வளவு இருந்தால் போதும்:

எண் 7. கொள்ளிடம், தென்கரை, மணல் திட்டின் மேற்பரப்பு. பாலத்திலிருந்து மேற்கே சுமார் 300 மீட்டர். தேதி. மண் அடித்த தடம் அருகில் இல்லை. முனை மழுங்கியது. எலுமிச்சையில் குமிழி வந்தது. தடுப்புக் கோடு தெரியவில்லை. சுருள், வகை உறுதியில்லை.